ஐந்தில் ஒன்று மிகை: மலை ரயில் வீடியோவிலிருந்து உபரி ஃபிரேம்களைக் களைந்த அனுபவம்

அப்பா கையில் இருக்கும் பச்சைக் கொடியின் ஓரம் இப்போது ஒரே கோடாகத் தெரிகிறது. இதற்கு முன் எடுத்த பிரதிகளில் எல்லாம், கொடி அசையும்போது மட்டும் அந்த ஓரம் சீப்புப் பல் போல வரி வரியாகப் பிளந்திருக்கும். கொடி நின்றால் ஓரம் கூடிவிடும். வீசினால் மறுபடி பிளக்கும். கோளாறு டேப்பிலும் இல்லை, லென்ஸிலும் இல்லை. விநாடிக்கு 24 படங்களாக எடுத்ததைக் காமிரா 30 ஆக நிரப்பிப் பதிந்திருந்தது. அந்த நிரப்பலை யாரும் வெளியே எடுக்கவில்லை, அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த காமிராவில் எடுத்த பழைய எச்டிவி (HDV) டேப்புகள் பல வீடுகளில் இருக்கும் என்பதால், செய்த வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

அப்பா நீலகிரி மலை ரயிலில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் வண்டியை, பல்தண்டவாளம் உள்ள செங்குத்தான பகுதியில் இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. பாதை நேராகத் தெரிவது முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேனுக்குத்தான். அவர் காட்டும் கொடிச் சைகையை அடுத்தடுத்த பெட்டிகளில் நிற்பவர்கள் வாங்கிப் பின்னால் இருக்கும் இன்ஜின்வரை கடத்துவார்கள். அப்பா ஓய்வு பெறும் முன், 2008இல், அண்ணன் நியூஜெர்சியிலிருந்து எச்டிவி காமிராவோடு வந்திருந்தார். கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வண்டி நின்ற இடங்களிலும், ஓடும் பெட்டியிலிருந்தும் எடுத்துத் தள்ளினார். அப்பா சீருடையில் இருக்கும் அசையும் படம் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான். அதனால்தான் இந்த வேலையில் இவ்வளவு பிடிவாதம் காட்டினேன்.

முதலில் சமவெளியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, ஒரு கேசட்டுக்கு 600 ரூபாய் வீதம் டிவிடியாக மாற்றி வாங்கியிருந்தோம். சீப்புப் பல் பிளவு போய்விட்டிருந்தது. ஆனால் படம் மங்கியிருந்தது. வண்டி போகும்போது சீரில்லாமல் விட்டு விட்டு நகர்ந்தது. ஒரு படத்தை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டாகப் பிரித்துப் பதிவதை இன்டர்லேஸ் என்பார்கள். அந்த வரிகளை நீக்கும் சாதாரண மென்பொருள் வடிகட்டியைப் போட்டு, பாதி வரிகளை வீசிவிட்டு மீதியை ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள். எனவே மூல டேப்பிலிருந்தே தொடங்குவது என்று முடிவு செய்தேன்.

எச்டிவி என்பது கேனான், ஜேவிசி, ஷார்ப், சோனி ஆகிய நான்கு நிறுவனங்கள் 2003இல் சேர்ந்து அறிவித்த தரம். மினிடிவி (MiniDV) என்ற சிறிய கேசட்டிலேயே 1440-க்கு 1080 புள்ளிகள் கொண்ட படத்தை எம்பெக்-2 என்ற சுருக்கும் முறையில், விநாடிக்கு சுமார் 25 மெகாபிட் அளவில் பதியும். டேப்பில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். ஆகவே காமிராவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் கம்பி வழியாக அதை அப்படியே நகலெடுக்க வேண்டும். எச்டிஎம்ஐ வழியே ஓடவிட்டுப் பிடித்தால் படம் இன்னொரு முறை சுருக்கப்பட்டு, பின்னால் வரப்போகும் வேலைக்குத் தேவையான தடயங்கள் அழிந்துவிடும். அப்போது எனக்கு ஆன செலவு: ஃபயர்வயர் அட்டை 1,350 ரூபாய், நான்கு முனையிலிருந்து ஆறு முனைக்குப் போகும் கம்பி 400 ரூபாய், காமிராவில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கும் கேசட் 900 ரூபாய், 2 டிபி ஹார்டு டிஸ்க் 5,200 ரூபாய். ஒரு மணி நேர டேப்புக்குச் சுமார் 11 ஜிபி இடம் போகிறது. காமிராவின் மெனுவில் ஃபயர்வயர் வெளியீடு எச்டிவி என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாதாரணத் தரத்துக்கு இறக்கி அனுப்பிவிடும்.

கேசட்டுகள் மர அலமாரியில் இருந்தன. குன்னூர் ஈரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தோல் செருப்பே பச்சை பூக்கும் ஊர். எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் சில நாள் போட்டு வைத்தேன். பிறகு ஒவ்வொன்றின் சின்ன ஜன்னல் வழியாகவும் டார்ச் அடித்து நாடாச் சுருளின் விளிம்பைப் பார்த்தேன். ஒன்றில் வெள்ளைப் பொடி இருந்தது. அதைக் காமிராவுக்குள் விடவே இல்லை. பூஞ்சை ஹெட்டில் ஒட்டினால் அடுத்து வரும் நல்ல டேப்பையும் கெடுத்துவிடும். மற்றவற்றை ஒரு முறை முழுக்க முன்னோட்டிப் பின்னோட்டி, நாடா தளர்ந்த பிறகே படிக்கவிட்டேன். பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் எச்டிவிஸ்பிளிட் என்ற இலவச மென்பொருளால் ஏற்றினேன். பதிவுப் பொத்தானை அழுத்திய ஒவ்வொரு இடத்திலும் அது கோப்பைத் தானாகவே வெட்டிக் கொடுக்கும். இந்த வசதி எவ்வளவு முக்கியம் என்று பின்னால்தான் தெரிந்தது. மின்சாரம் போய் வரும் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

இனி டேப்பில் இருப்பது என்ன என்று பார்ப்போம். அமெரிக்க முறையில் விநாடிக்கு 60 ஃபீல்டுகள் (சரியாகச் சொன்னால் 59.94). ஒரு ஃபீல்டு என்றால் படத்தின் ஒற்றை வரிகள் மட்டும் அல்லது இரட்டை வரிகள் மட்டும், 540 வரி. இரண்டு ஃபீல்டு சேர்ந்தால் ஒரு ஃபிரேம். காமிரா எடுப்பதோ விநாடிக்கு 24 (23.976) முழுப் படம். ஆக, நான்கு படத்தைப் பத்து ஃபீல்டில் பரப்ப வேண்டும். முதல் படத்துக்கு இரண்டு ஃபீல்டு, அடுத்ததற்கு மூன்று, மறுபடி இரண்டு, மறுபடி மூன்று. நான்கு படங்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்துக்கொண்டால், டேப்பில் ஐந்து ஃபிரேம்கள் இப்படி வரும்: அஅ, ஆஆ, ஆஇ, இஈ, ஈஈ. மூன்றாவதும் நான்காவதும் இரு வேறு கணங்களின் கலப்பு. கொடி பிளந்து தெரிவது இந்த இரண்டில்தான். ‘இ’ என்ற படம் முழுதாக எந்த ஃபிரேமிலும் இல்லை. மூன்றாவதின் பின்பாதியையும் நான்காவதின் முன்பாதியையும் சேர்த்தால்தான் அது கிடைக்கும்.

இதைத் தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான், ஒரே மாதிரி ஃபிரேம்களைத் தேடி நீக்கும் வடிகட்டி ஏன் பயன்படவில்லை என்பது புரிந்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருளில் எம்பிடெசிமேட் என்று ஒன்று உண்டு. முந்தைய ஃபிரேமோடு 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாக ஒப்பிட்டு, வேறுபாடு குறைவாக இருந்தால் தூக்கிவிடும். கம்ப்யூட்டர் திரையைப் பதிவு செய்த வீடியோவுக்கு அது அருமையான கருவி. இங்கோ, மேலே எழுதிய ஐந்தில் எந்த இரண்டு ஃபிரேமும் ஒன்றுபோல் இல்லை. வண்டி ஓடும் காட்சியில் அது ஒன்றையும் நீக்கவில்லை. வண்டி நின்று இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் காட்சியில், அசைவே இல்லை என்று நல்ல ஃபிரேம்களையும் அள்ளி வீசியது. மிச்சமிருந்த கோப்பில் ஃபிரேம்களின் இடைவெளி சீராக இல்லாததால், எடிட்டிங் மென்பொருளில் போட்டதும் ஒலி ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று ஆனது.

அடுத்து அதே மென்பொருளின் ஃபீல்ட்மேட்ச், டெசிமேட் என்ற இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்துப் போட்டேன். இதுதான் பலரும் பரிந்துரைக்கும் வழி. பெரும்பாலான டேப்புக்கு இதுவே போதும். ஃபீல்ட்மேட்ச் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்பின் பார்த்துச் சரியான ஜோடியைச் சேர்க்கிறது. ஐந்து ஃபிரேமும் பிளவில்லாமல் வருகின்றன. அதில் ஒன்று மட்டும் இரட்டிப்பு. டெசிமேட் ஐந்து ஐந்தாக எடுத்து, முந்தையதற்கு மிக நெருக்கமான ஒன்றை நீக்குகிறது. 30, 24 ஆகிறது. வரிசை முக்கியம்: இதற்கு முன்னால் இன்டர்லேஸ் நீக்கும் வடிகட்டியைப் போட்டால் ஃபீல்டுகள் அழிந்து, பொருத்துவதற்கு எதுவும் மிஞ்சாது.

வெயிலில் எடுத்த காட்சிகள் எல்லாம் இதிலேயே பளிச்சென்று வந்துவிட்டன. கல்லாற்றுப் பாலத்தில் சக்கரத்தோடு இணைந்து முன்னும் பின்னும் போகும் இரும்புத் தண்டு முழு 1080 வரியில், ஒரு பிசிறு இல்லாமல். மகிழ்ச்சியில் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே வந்தவர் ஹில்குரோவ் தாண்டிய ஒரு வளைவில், மூடுபனி இறங்கிய காட்சியில், நிறுத்தச் சொன்னார்.

“கல்லாறு தாண்டிப் பற்சக்கரம் பல்லில் விழும்போது பெட்டிக்கு ஓர் உதறல் உண்டம்மா. அது உன் படத்தில் சரியாக இருக்கிறது. இங்கே அப்படி எதுவும் கிடையாது. இந்த வளைவில் வண்டி சீராக ஏறும். இது இடறுகிறது” என்றார்.

எனக்கு அது கண்ணிலேயே பட்டிருக்கவில்லை. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஓரிடத்தில் இரண்டு ஃபிரேம் அடுத்தடுத்து அசையாமல் இருந்தன. சற்றுத் தள்ளி ஓரிடத்தில் வண்டி இரண்டு மடங்கு தாவியது. டெசிமேட் நீக்க வேண்டிய இரட்டிப்பை விட்டுவிட்டு, நீக்கக் கூடாத நல்ல ஃபிரேமை எடுத்துவிட்டிருக்கிறது.

காரணத்தைத் தேடினேன். மூடுபனியில் வெளிச்சம் குறைந்ததும் காமிரா தானாகவே சிக்னலைப் பெருக்கியிருக்கிறது. படம் முழுக்கப் பொடிப்பொடியாக இரைச்சல். சுருக்கும்போது எம்பெக்-2 அந்த இரைச்சலை ஒவ்வொரு ஃபிரேமிலும் வெவ்வேறு விதமாகச் சிதைக்கிறது. ஒரே ஃபீல்டின் இரண்டு நகல்கள் டேப்புக்குப் போகும்போதே ஒன்றுக்கொன்று வேறாகிவிடுகின்றன. மறுபக்கம், உண்மையில் வேறான இரண்டு படங்களோ, பனிக்குள் மெல்ல ஏறும் வண்டி என்பதால், ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிகின்றன. ஒற்றுமையை வைத்து இரட்டிப்பைத் தேடும் எந்த வடிகட்டியும் இங்கே திணறத்தான் செய்யும். டெசிமேட்டின் வரம்புகளை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஓர் இடறல் போனால் இன்னோர் இடறல் வந்தது.

வழி கிடைத்தது வேறொரு காட்சியில். குன்னூர் ஸ்டேஷனுக்குள் எடுத்தது: சுவர்க் கடிகாரம், மேசை, டியூப் லைட். ஆள் நடமாட்டமே இல்லை. ஆனால் ஃபிரேம்களை நகர்த்தினால் மூன்று சுத்தமாக, இரண்டு மெல்லிய வரிகளோடு, மூன்று சுத்தமாக, இரண்டு வரிகளோடு என்று தாளம் தப்பாமல் வந்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப் லைட் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். விநாடிக்கு 24 எடுக்கும் காமிராவுக்கு அந்தத் துடிப்பு ஒத்துப்போகாது. ஆகவே ஒவ்வொரு உண்மைப் படமும் பக்கத்துப் படத்தைவிடச் சற்று வெளிச்சமாகவோ மங்கலாகவோ விழுந்திருக்கிறது. இரு படம் கலந்த ஃபிரேமில் ஒரு வரி வெளிச்சம், ஒரு வரி மங்கல். வழக்கமாக எரிச்சலூட்டும் டியூப் லைட் நடுக்கம் இங்கே தாளத்தைக் காட்டிக் கொடுத்தது.

அந்தத் தாளத்தைப் பார்த்தபோதுதான் கேட்க வேண்டிய கேள்வியே வேறு என்று உறைத்தது. காமிரா நிரப்பும்போது படத்தைப் பார்த்து நிரப்பவில்லை, எண்ணி நிரப்பியது. பதிவுப் பொத்தானை அழுத்தியதிலிருந்து விடும்வரை இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று இடைவிடாமல். அப்படியென்றால் நீக்கும்போதும் எண்ணித்தான் நீக்க வேண்டும். ஒரு ஃபிரேம் பக்கத்து ஃபிரேம் போல இருக்கிறதா என்பதல்ல, ஐந்தில் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதே கேள்வி. அசைவு தெளிவாக உள்ள ஓர் இடத்தில் அந்தக் காட்சியின் தாளத்தைப் பிடித்துவிட்டால், மீதி முழுக்கப் பனி மூடியிருந்தாலும் கணக்கு மாறாது.

சில காமிராக்களில் இந்தத் தலைவலியே இருந்ததில்லை. பானாசோனிக்கின் டிவிஎக்ஸ்100, 2002இல் வந்தது, 2:3:3:2 என்ற இன்னொரு தாளத்தையும் கொடுத்தது. அதில் ஐந்தில் நடு ஃபிரேம் ஒன்று மட்டுமே கலப்பு. அதைத் தூக்கினால் மீதி நான்கும் முழுப் படம். அதே நிறுவனத்தின் வேரிகேம் 720 வரியில் எப்போதும் விநாடிக்கு 60 ஃபிரேம் பதிந்தாலும், எது உண்மை ஃபிரேம், எது நகல் என்று ஒவ்வொன்றிலும் அடையாளம் இட்டுவிடும். எடிட்டிங் மென்பொருள் அடையாளத்தைப் படித்து நகல்களை நீக்கினால் போதும். எங்கள் டேப்பில் அடையாளம் எதுவும் இல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற வீடியோ மென்பொருள் வைத்திருப்பவர்கள், அதன் அமைப்பில் முழு ஃபிரேம், பிளந்த ஃபிரேம் என்ற ஐந்து வகை வரிசைகள் இருப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஐந்தும் இந்த ஐந்து இடங்கள்தான்.

நான் செய்த முறை இது. காட்சியை எம்பிவி என்ற பிளேயரில் திறந்து, இன்டர்லேஸ் நீக்கம் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு, முற்றுப்புள்ளி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். அடுத்தடுத்துப் பிளந்த இரண்டில் முதலாவதன் எண்ணை, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணி, நோட்டில் குறித்தேன். அந்த எண்ணிலிருந்து 2 கழித்து, 5-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் காட்சியின் தொடக்கத்தில் வெட்ட வேண்டிய ஃபிரேம்கள். கொடிக் காட்சியில் எண் 41. இரண்டு போக 39, மீதி 4. முதல் நான்கு ஃபிரேமை வெட்டினால் காட்சி சரியாக ‘அஅ’ என்ற இடத்தில் தொடங்கும். ஒலியிலும் அதே அளவை வெட்ட வேண்டும்: ஒரு ஃபிரேமுக்கு 33.37 மில்லி விநாடி, நான்குக்கு ஏறத்தாழ 133. மறந்தால் அப்பாவின் விசில் சத்தம் வாய்க்குப் பின்னால் வந்துவிடும். பிறகு எஃப்எஃப்எம்பெக்கின் டிடெலிசைன் வடிகட்டி. தாளம் 23 (அதாவது இரண்டு, மூன்று), முதல் ஃபீல்டு மேல் ஃபீல்டு (படத்தின் முதல் வரியில் தொடங்குவது). அது படத்தை ஒப்பிடுவதே இல்லை, எண்ணிப் பிரித்து எண்ணிச் சேர்க்கிறது. வேகமும் அதிகம்.

முடிந்ததும் ஒவ்வொரு கோப்பிலும் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடங்களைப் பார்த்தேன். தொடக்கத்தில் சுத்தமாக இருந்து கடைசியில் பிளந்திருந்தால், இடையில் எங்கோ டேப் கோளாறால் ஃபிரேம் விழுந்திருக்கிறது என்று பொருள். நடுவில் பார்த்து, பிறகு அந்தப் பாதியின் நடுவில் பார்த்து என்று நெருங்கினால் விழுந்த இடம் சீக்கிரம் அகப்படும். அங்கே வெட்டி, இரண்டையும் தனித்தனிக் காட்சிகளாகக் கணக்கிட வேண்டும். முக்காலியில் வைத்து எடுத்த, அசைவே இல்லாத காட்சிகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்: பொத்தானை அழுத்தும் விரலால் காமிரா சற்றே அதிரும். முதல் சில ஃபிரேம்களிலும் கடைசிச் சில ஃபிரேம்களிலும் அந்த அதிர்வு தாளத்தைக் காட்டிவிடும்.

ஒரு டேப்பின் முன்பகுதியை அண்ணன் 24 முறையில் எடுக்கவில்லை. சாதாரண 60 ஃபீல்டு முறை. அசைவு வந்தால் மூன்று சுத்தம் இரண்டு பிளவு என்றில்லாமல் எல்லா ஃபிரேமும் பிளந்திருக்கும். அதில் உபரி என்று எதுவுமே கிடையாது. ஒவ்வொரு ஃபீல்டும் தனிக் கணம். அதைத் தனியே வைத்து, இன்டர்லேஸ் நீக்கி 60 ஃபிரேமாகவே வைத்துக்கொண்டேன்.

நம் ஊர்த் தொலைக்காட்சிக் கணக்குக்கு 25 ஆக மாற்றித் தரும்படி ஒரு நண்பர் கேட்டார். 24-ஐ 25 ஆக ஓட்டினால் எல்லாம் 4 சதவீதம் வேகமாகும். சுருதியைத் திருத்தாவிட்டால் இன்ஜின் ஊதலும் ஏறிவிடும். அந்த ஊதலை வாழ்நாள் முழுக்கக் கேட்டவர் வீட்டில் இருக்கும்போது அதைச் செய்ய மனமில்லை. இப்போதைய டிவியும் போனும் 24-ஐ அப்படியே ஓட்டுகின்றன.

மூடுபனி வளைவை அப்பாவுக்கு மறுபடி போட்டுக் காட்டினேன். இரண்டாம் முறை ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, “இப்போது ஏறுகிறது” என்றார்.

மறுபடி செய்வதாக இருந்தால் சிலவற்றை மாற்றுவேன். வடிகட்டி வரம்புகளோடு மல்லுக்கட்டிய நேரத்தை மிச்சப்படுத்தி, ஏற்றிய அன்றே ஒவ்வொரு காட்சிக்கும் தாள எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுவேன். டேப்பிலிருந்து வந்த மூலக் கோப்புகளை அழிக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. அவை இரண்டு டிஸ்க்குகளில், ஒன்று இங்கே, ஒன்று அண்ணனிடம் இருக்கின்றன. அடுத்த வேலை பூஞ்சை பிடித்த அந்தக் கேசட். காலி மினிடிவி கேசட் ஒன்றின் கூட்டைப் பிரித்து, நாடாவை அதற்கு மாற்றி, விளிம்பை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து ஏற்ற வேண்டும். அதற்கென்று பழைய காமிரா ஒன்றைத் தனியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். நன்றாக ஓடும் இதை அதில் பணயம் வைக்க மாட்டேன். மழைக்காலம் போய், ஜனவரி வறட்சி வந்த பிறகுதான் அந்தக் கூட்டைத் திறப்பேன்.